ஆழம் 30, ஆழம் 12: ஸ்டாக்ஃபிஷும் லீலாவும்

ஒரே ஆட்டநிலையை ஸ்டாக்ஃபிஷ், லீலா ஆகிய இரண்டு சதுரங்க நிரல்களிடமும் கொடுத்துச் சற்று நேரம் விட்டுப் பார்த்தால், ஸ்டாக்ஃபிஷ் ஆழம் 30 என்று காட்டும்போது லீலா 12ஐச் சுற்றியே நின்றுகொண்டிருக்கும். லீலாவுக்குத் தொலைநோக்கு போதாது என்று பலர் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது தவறான தீர்ப்பு. இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வேறு வேறு பொருளை எண்ணிச் சொல்கின்றன.

தலைப்பு ஒன்றாக இருப்பதற்குக் காரணம் யூசிஐ. ஸ்டெஃபான் மையர்-காலெனும் ருடால்ஃப் ஹூபரும் 2000ஆம் ஆண்டு வகுத்த இந்த நெறிமுறை வழியாகத்தான் நிரல்கள் திரைக்குச் செய்தி அனுப்புகின்றன. தேடல் ஆழத்தை அரை நகர்வுக் கணக்கில் சொல்ல வேண்டும் என்பதோடு அதன் விளக்கம் முடிந்துவிடுகிறது. வெள்ளை ஆடினால் ஓர் அரை நகர்வு, கறுப்பு ஆடினால் இன்னொன்று. எந்தக் கிளையின் நீளத்தை எண்ணுவது என்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

ஸ்டாக்ஃபிஷ் சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் சற்று ஆழமாகத் தேடுகிறது. திரையில் தெரியும் 30 என்பது அந்தச் சுற்றின் வரிசை எண். எல்லாக் கிளைகளும் 30 அரை நகர்வு தூரம் பார்க்கப்பட்டன என்று அதற்குப் பொருள் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம் என்று வைத்தால், எதையும் விடாமல் 30 அரை நகர்வுகள் பார்க்க, 1ஐ அடுத்து 46 சுழியங்கள் இட்ட அளவுக்கு நிலைகள் வரும். முடிவை மாற்ற முடியாத கிளைகளை ஒதுக்கும் ஆல்பா-பீட்டா முறை மிகச் சிறப்பாக வேலை செய்தாலும் அந்தச் சுழியங்கள்தான் பாதியாகும். மிச்சமே எந்தக் கணினிக்கும் எட்டாதது. ஆகவே ஸ்டாக்ஃபிஷ் துணிந்து வெட்டுகிறது. வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளுக்கு ஆழத்தைக் குறைக்கிறது. எதிராளிக்கு ஒரு நகர்வை இனாமாகக் கொடுத்த பிறகும் நிலை வலுவாகவே இருந்தால் அந்தக் கிளையை அத்தோடு விட்டுவிடுகிறது. வேறு வழியில்லாத ஒற்றை நகர்வு எதிர்ப்பட்டால் அங்கே ஆழத்தைக் கூட்டவும் செய்கிறது. 30ஆம் சுற்றில் ஒரு கிளை பாதி வழியிலேயே நின்றிருக்கலாம், இன்னொன்று 40ஐத் தாண்டியிருக்கலாம்.

ஆல்பாஸீரோ என்ற நிரல் காட்டிய வழியில் 2018இல் தொடங்கிய லீலாவில் இத்தகைய சுற்றுகளே இல்லை. ஒவ்வொரு முறையும் கொடுத்த ஆட்டநிலையிலிருந்து புறப்பட்டு, நகர்வுகள் கிளைக்கும் மரத்தில் இறங்கி, புதிய நிலை ஒன்றை எட்டி, அதன் மதிப்பை நரம்பியல் வலையிடம் கேட்டுத் திரும்புகிறது. இந்தப் பயணங்களின் நீளங்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியே அது சொல்லும் ஆழம். இது உண்மையான அளவீடு என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். ஒரு நகர்வு தெளிவாகச் சிறந்ததாக இருந்தால் பயணங்கள் அந்தக் கிளையிலேயே குவியும், சராசரி ஏறும். நான்கைந்து நகர்வுகள் சமபலத்தோடு போட்டியிட்டால் பயணங்கள் பரவி, சராசரி இறங்கும். லீலா சிறிய எண்ணைக் காட்டும் நிலை பெரும்பாலும் வாய்ப்புகள் நிறைந்த நிலை. ஆட்டத்தை ஆராய்பவருக்கு அதுவே அரிய தகவல்.

ஸ்டாக்ஃபிஷின் எண்ணுக்கும் பயன் உண்டு. 20ஆம் சுற்றில் பிடித்த நகர்வு 35ஆம் சுற்றிலும் நிலைக்கிறதா என்று பார்க்கலாம். லீலாவின் சராசரியோ, பயணங்கள் இரட்டித்தாலும் கொஞ்சம்தான் அசையும். அங்கே கவனிக்க வேண்டியது எத்தனை நிலைகள் பார்க்கப்பட்டன என்பதை.

ஆழத்துக்குப் பக்கத்தில் வரும் பெரிய எண்ணும் பொதுவானதல்ல. ஸ்டாக்ஃபிஷில் அது முதன்மைக் கிளைகளாகக் கருதி ஆராய்ந்தவற்றில் எட்டிய உச்சத் தொலைவு; லீலாவில் எந்தப் பயணமாயினும் மிக நீண்டது.

ஸ்டாக்ஃபிஷின் இரு பதிப்புகளுக்கு இடையிலேயே கூட 30ம் 30ம் சமமல்ல. வெட்டும் விதி மாறும்போது சுற்றின் உள்ளடக்கமும் மாறுகிறது. கூடுதலாக வெட்டும் திருத்தம் 30ஐ விரைவில் தொட்டுவிட்டு ஆட்டத்தில் தோற்கலாம்; கிளைகளை நீட்டும் திருத்தம் 27இலேயே நின்று வெல்லலாம். அதனால்தான் அதன் உருவாக்குநர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில், இரு தரப்புக்கும் ஒரே நேரம் கொடுத்து, ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவைத்துத் தேறுகிறதா என்று பார்க்கிறார்கள்.