கலப்பெண் மின்காந்தப் புலம்

கலப்பெண் மின்காந்தப் புலம் என்பது, ஒரே அதிர்வெண்ணில் சைன் வடிவில் அலைவுறும் மின்புலம் அல்லது காந்தப்புலத்தின் வீச்சையும் கட்டத்தையும் ஒவ்வொரு புள்ளியிலும் கலப்பெண்ணாகக் (சிக்கலெண்ணாகக்) குறிக்கும் முறை ஆகும். ஆண்டெனா, அலைநடத்தி, நுண்ணலை அடுப்பு, செல்லிடத் தொலைபேசி போன்றவற்றை அதிர்வெண் களத்தில் கணிக்கும் மென்பொருள்கள் தம் விடைகளை இவ்வடிவில் தருகின்றன. இயற்கையில் உள்ள புலம் எப்பொழுதும் மெய்யெண்ணே. எனவே மென்பொருள் தரும் கலப்பெண்ணில் இருந்து உண்மையான புலத்தையோ திறனையோ பெறுவதற்கு, அவ்விடை எந்த மரபில் எழுதப்பட்டுள்ளது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வரலாறு

மாறுதிசை மின்சுற்றுகளைக் கலப்பெண்களால் கணக்கிடும் முறையைச் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893 ஆம் ஆண்டு சிகாகோவில் நடைபெற்ற அனைத்துலக மின் மாநாட்டில் முன்வைத்தார். அதே ஆண்டில் ஆர்தர் கென்னலி மின்னெதிர்ப்பைக் கலப்பெண்ணாகக் கருதும் கட்டுரையை வெளியிட்டார். இம்முறையில் நேரத்தைப் பொறுத்த வகையிடல், கற்பனை அலகாலும் கோண அதிர்வெண்ணாலும் பெருக்குவதாக மாறிவிடுகிறது. மாக்சுவெல்லின் சமன்பாடுகளுக்கும் இது பொருந்துவதால், நேரம் என்னும் மாறி கணக்கில் இருந்து நீங்குகிறது.

மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும்

பொறியியல் மரபில், புலத்தின் கலப்பெண்ணை நேரத்துடன் இடஞ்சுழியாகச் சுழற்றி, அதன் மெய்ப்பகுதியை எடுத்தால் அக்கணத்துப் புலம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு புள்ளியில் மின்புலத்தின் மெய்ப்பகுதி 3, கற்பனைப்பகுதி 4 (மீட்டருக்கு வோல்ட்) எனக் கொள்வோம். இதன் வீச்சு 5. கட்டம் ஏறத்தாழ 53°. சுழற்சியின் தொடக்கத்தில் புலம் 3 ஆக இருக்கும். அதற்குக் கால் சுழற்சிக்கு முன்னர் 4 ஆக இருந்தது. தொடக்கத்தில் இருந்து ஏறத்தாழ 37° கடந்ததும் அது சுழி ஆகும். ஆகவே மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்பன இரு வேறு புலங்கள் அல்ல. அவை ஒரே புலத்தின் இரு கணங்கள். நுண்ணலை அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் இக்கணங்களுக்கு இடையே உள்ள காலம் ஏறத்தாழ 0.1 நானோ நொடி மட்டுமே.

மெய்ப்பகுதியை மட்டும் வரைந்து பார்ப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். முன்னேறும் அலையில் வீச்சு எங்கும் சமமாக இருந்தாலும், மெய்ப்பகுதியின் படம் புலம் மிகுந்த பட்டைகளையும் புலம் அற்ற பட்டைகளையும் காட்டும். நிலையலையின் படமும் இதைப் போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிய, கட்டத்தை மாற்றிப் பல படங்களை வரைதல் வேண்டும். முன்னேறும் அலையின் சுழிப் புள்ளிகள் இடம் பெயரும். நிலையலையின் கணுக்கள் அதே இடத்தில் நிற்கும். நுண்ணலை அடுப்பில் உணவு சூடாகாத இடங்கள் உண்டாவதற்கு இத்தகைய கணுக்களே காரணம். அடுப்பில் சுழல் தட்டு வைக்கப்படுவதும் இதனாலேயே.

திசையன் புலத்தின் அளவு

மின்புலத்திற்கு மூன்று கூறுகள் உண்டு. ஒவ்வொன்றின் கட்டமும் வேறுபடலாம். அவ்வாறு வேறுபடும்போது திசையனின் முனை ஒரு நீள்வட்டத்தை வரையும். மென்பொருள்கள் பொதுவாக மூன்று கூறுகளின் வீச்சுகளை இருமடியாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதைப் புலத்தின் அளவு எனக் காட்டுகின்றன. நேர்கோட்டு முனைவாக்கத்தில் இது புலத்தின் பெரும மதிப்புக்குச் சமம். வட்ட முனைவாக்கத்தில் அவ்வாறு அன்று. இரு கூறுகளின் வீச்சும் 1 ஆகவும் கட்ட வேறுபாடு 90° ஆகவும் இருந்தால், மென்பொருள் 1.41 எனக் காட்டும். உண்மையான புலம் எக்கணத்திலும் 1 மட்டுமே. மின்முறிவு நிகழுமா என்று ஆராய்வோர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

திறன்

திறன் இரு புலங்களின் பெருக்கல் ஆதலால், மெய்ப்பகுதிகளைத் தனியே பெருக்குவது சராசரித் திறனைத் தராது. மின்புலத்தையும் காந்தப்புலத்தின் இணைக் கலப்பெண்ணையும் குறுக்குப் பெருக்கல் செய்து, அதில் பாதியை எடுக்கவேண்டும். இதன் மெய்ப்பகுதி சராசரியாகப் பாயும் திறன் அடர்த்தி ஆகும். கற்பனைப்பகுதி, முன்னும் பின்னும் ஊசலாடி எங்கும் சென்று சேராத ஆற்றலைக் குறிக்கும். தூய நிலையலையில் புலங்கள் பெரிதாக இருந்தாலும் மெய்ப்பகுதி சுழியே.

குறி மரபு

நேரக் காரணியின் அடுக்கில் வரும் குறி இரு வகைப்படும். மின்பொறியியலில் நேர்க்குறியும், இயற்பியல், ஒளியியல் நூல்கள் பலவற்றில் எதிர்க்குறியும் வழங்குகின்றன. மென்பொருள்களில் காம்சால் முதல் வகையையும் மீப் இரண்டாம் வகையையும் பின்பற்றுகின்றன. 25° செல்சியசில் உள்ள தூய நீரின் சார்பு விடுதிறன் 2.45 கிகாஹெர்ட்சில் மெய்ப்பகுதி ஏறத்தாழ 77, கற்பனைப்பகுதியின் அளவு ஏறத்தாழ 9 ஆகும். இக்கற்பனைப்பகுதி முதல் மரபில் எதிர்க்குறியும் இரண்டாம் மரபில் நேர்க்குறியும் பெறும். ஒரு மரபின் தரவை மற்றொன்றில் அப்படியே உள்ளிட்டால், ஆற்றலை உறிஞ்ச வேண்டிய நீர் அலையைப் பெருக்குவதாகக் கணிப்பு காட்டும். உறிஞ்சப்படும் திறன் எதிர்க்குறியில் வருமானால் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே.

பெரும மதிப்பும் பயனுறு மதிப்பும்

விடையில் உள்ள வீச்சு பெரும மதிப்பா, அதை √2 ஆல் வகுத்த பயனுறு மதிப்பா என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். உடல் திசு உறிஞ்சும் திறன், மின்கடத்துதிறனையும் பயனுறு மின்புலத்தின் இருமடியையும் பெருக்கித் திசுவின் அடர்த்தியால் வகுப்பதால் கிடைக்கிறது. செல்லிடத் தொலைபேசிகளுக்கு இந்தியாவில் 2012 முதல் உள்ள வரம்பு, 1 கிராம் திசுவின் சராசரியில் கிலோகிராமுக்கு 1.6 வாட் ஆகும். பயனுறு மதிப்பைப் பெரும மதிப்பு எனக் கருதி மீண்டும் √2 ஆல் வகுத்தால், உண்மையில் 2.0 வாட் உறிஞ்சப்படும் கருவி 1.0 வாட் எனக் கணக்கிடப்பட்டு வரம்பிற்குள் இருப்பதாகத் தோன்றும். மாறாகப் பெரும மதிப்பைப் பயனுறு மதிப்பாகக் கொண்டால், 1.0 வாட் கருவி 2.0 வாட் எனக் காட்டப்பட்டு வீணே நிராகரிக்கப்படும்.

இவற்றையும் பார்க்க

கலப்பெண்
மாக்சுவெல்லின் சமன்பாடுகள்
நிலையலை
மின்னெதிர்ப்பு