தண்ணி குடிச்சாலே உடம்பு போடுமா?

"எனக்குத் தண்ணி குடிச்சாலே உடம்பு போட்டுடும்" என்பார் ஒருத்தர். "அதெல்லாம் அப்பா வாகுங்க, என்ன பண்ணினாலும் குறையாது" என்பார் இன்னொருத்தர். மூணாவது ஆள் (பெரும்பாலும் பி.டி. வாத்தியார்) "சோம்பேறித்தனம், வேறென்ன?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். இந்தச் சண்டை நம்ம தெருவுல மட்டும் இல்லை, ஆராய்ச்சிக்கூடங்களிலும் எழுபது வருஷமா நடக்குது. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது பதிமூணு, பதினாலு வயசுப் பசங்க.

ஹார்வர்டில் ழான் மேயர் என்று ஒரு பேராசிரியர். பிரான்ஸ்காரர், உலகப்போரில் சண்டை போட்டவர். பிறவியிலேயே கொழுக்கும் எலிகளையும் ஆராய்ந்தார், மனுஷங்களையும் விடவில்லை. 1956இல் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலைத் தொழிலாளர்களை எடைபோட்டு, அவங்க சாப்பாட்டையும் கணக்கெடுத்து மேயர் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. மூட்டை தூக்குறவங்க நிறைய சாப்பிட்டாங்க, அது நியாயம். ஆனா நாள் பூரா உட்கார்ந்தே இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு சாப்பிட்டாங்களாம்! எடையும் அவங்களுக்குத்தான் அதிகம். உடம்பை ஆட்டாம இருந்தா பசிக்கே கணக்கு தப்பிப்போகுது என்றார் மேயர்.

அதே 1956இல் அவர் குழு, பருமனான பள்ளி மாணவிகளை ஒல்லியான மாணவிகளோடு ஒப்பிட்டது. குண்டான பிள்ளைகள் அதிகம் சாப்பிடவில்லை, அசைவுதான் குறைவு என்று முடிவு. அதை உறுதிப்படுத்த ஒரு கோடைகால முகாமில் பிள்ளைகள் நீந்தும்போதும் டென்னிஸ், வாலிபால் ஆடும்போதும் சினிமா கேமராவால் துண்டு துண்டாகப் படம் பிடிச்சாங்க. 1964இல் அது வெளிவந்தது. பருமனான பெண்கள் மைதானத்தில் நின்ற இடத்திலேயே நின்ற நேரம் அதிகம். எனக்கு இந்த ஆய்வு மேல கொஞ்சம் கடுப்பு உண்டு. டென்னிஸ் மட்டையோடு ஓரமா நிற்கிற குண்டுப் பொண்ணு எதுக்கு ஒதுங்கி நிக்கிறான்னு கேமராவுக்குத் தெரியுமா? நாலு பேர் முன்னாடி ஓடவே கூச்சமா இருந்திருக்கலாம் இல்லீங்களா?

சரி, "அதிகம் சாப்பிடவில்லை" என்ற பாதி என்ன ஆச்சு? 1990இல் அதுவும் ஆட்டம் கண்டது. குறியிட்ட தண்ணீரைக் குடிக்க வைத்து, உடம்பு நிஜமா எவ்வளவு சக்தி செலவழிக்குதுன்னு அளக்கும் முறை அப்போது வந்திருந்தது. அமெரிக்க இளவயதினரிடம் அளந்து பார்த்தால், பருமனானவங்க எழுதிக் கொடுத்த சாப்பாட்டுக் கணக்கு செலவில் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ரொம்ப சிரிக்காதீங்க, ஒல்லியானவங்க எழுதினதும் 80 சதவீதம்தான் :-)

இதே 1990இல் 'அப்பா வாகு' கட்சிக்கும் ஒரு பலமான சாட்சி கிடைச்சது. கனடாவின் கியூபெக்கில் க்ளோட் பூஷார் 12 ஜோடி ஒத்த இரட்டையரான இளைஞர்களுக்குத் தினம் 1000 கலோரி கூடுதலா, மொத்தம் 84 நாள் ஊட்டினார். சிலருக்கு 4 கிலோ ஏறியது, சிலருக்கு 13 கிலோ! ஆனா அண்ணனுக்கு ஏறின மாதிரிதான் தம்பிக்கும். ஜோடிக்கும் ஜோடிக்கும் இருந்த வித்தியாசம், ஒரு ஜோடிக்குள்ள இருந்ததைப் போல மூணு மடங்கு.

அப்புறம் 2007. சர்க்கரை நோய்க்கு மரபணு தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கையில் எஃப்டிஓ சிக்கியது. அந்த மரபணுவின் ஒரு வகை, அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் வந்து சேர்ந்தவங்க, ஒன்றுமே வராதவங்களைவிடச் சராசரியா 3 கிலோ அதிகம். ஐரோப்பியர்களில் ஆறில் ஒருத்தர் இந்த ரகம். ஏழு வயசிலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்குது, கூடுறதும் கொழுப்புதான். அடுத்த வருஷமே ஸ்காட்லாந்துப் பிள்ளைகளிடம் பார்த்தாங்க. இந்த வகை உள்ளவங்க சக்தி செலவழிப்பதில் குறை ஒன்றும் இல்லை, கலோரி மிகுந்த சாப்பாட்டை அதிகம் எடுத்துக்கிறாங்க. அதாவது எஃப்டிஓ பிள்ளையைச் சோம்பேறி ஆக்கல, பசியிலதான் கை வைக்குது. பி.டி. வாத்தியார்கள் கவனிக்க.

அப்ப ஓடினா பலன் உண்டா? பத்து ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஹெலினா ஆய்வு இதைத்தான் கேட்டது. இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்தார்கள், 'ஓடினியா'ன்னு வாயால கேட்டதோட விடல. 752 இளவயதினர். 2010இல் வந்த விடை: தினம் ஒரு மணி நேரமாவது நன்றாக அசைந்த பிள்ளைகளுக்கு, அந்த வகையின் ஒவ்வொரு பிரதிக்கும் உடம்புக் கொழுப்பு 0.4 சதவீதப் புள்ளி கூடியது. அசையாதவர்களுக்கு 1.7. மரபணு ஒன்றுதான், நாலு மடங்கு வித்தியாசம்.

பத்திரிகைகள் கொண்டாடின. ஆனா கதை அங்க முடியல. 2011இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தாங்க. பெரியவர்கள் 2,18,166 பேரில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவின் தாக்கம் சுமார் 27 சதவீதம் குறைந்தது. சிறுவர், இளவயதினர் 19,268 பேரில்? ஒன்றும் தெரியவில்லை. என் கணிப்பு, ஹெலினா கண்டது முழுக்க மாயை இல்லை, ஆனா 752 பேரை வச்சுக் கிடைச்ச நாலு மடங்கை அப்படியே நம்பவும் முடியாது. ஓடி ஆடின பிள்ளைக்கு நெஞ்சுக்கும் எலும்புக்கும் நல்லதுங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்லை, அது தனிக்கணக்கு.

இதைவிட எனக்குப் பிடிச்சது 2014 கடைசியில் வந்த ஒரு ஆய்வு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்திருக்கும் உடல்நலக் கணக்கை எஃப்டிஓவோடு பொருத்திப் பார்த்தார்கள். 1942க்கு அப்புறம் பிறந்தவர்களிடம்தான் இந்த மரபணுவுக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பு பலமாகத் தெரிந்தது. அதுக்கு முன்னாடி பிறந்தவங்க உடம்புலயும் அதே மரபணுதான் இருந்தது. மிஷின் எல்லா வேலையையும் எடுத்துக்கிட்டதும், கடைத்தீனி மலிஞ்சதும் அவங்களுக்கு அப்புறம்தான்.