ஸ்டென்ட்டை எடுத்ததுக்கு அப்புறம் என்ன ஆகுது?

சாஃப்ட்வேர்ல டெம்பரரி ஃபிக்ஸ்னு ஒண்ணைப் போடுவோம். அதை எடுக்க மறந்துடுவோம். இன்னைக்கு எபிசோடு, உடம்புக்குள்ள போடுற அப்படி ஒரு டெம்பரரி ஃபிக்ஸ் பத்தினது.

கல்லீரல்ல சுரக்கிற பித்தம் ஒரு குழாய் வழியா குடலுக்கு வருது. பித்தப்பை ஆபரேஷன்ல அந்தக் குழாய்க்குக் காயம் பட்டாலோ, கணையத்துல நாள்பட்ட அழற்சி இருந்தாலோ, அது சுருங்கிடலாம். இது புற்றுநோய் இல்ல. ஆனா பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல் வரும். அப்படியே விட்டா கல்லீரலே கெட்டுப்போகும். ரொம்ப காலம் இதுக்கு இருந்த வழி, வயித்தைத் திறந்து குழாயைக் குடலோட நேரா இணைக்கிறதுதான்.

1979-ல ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துல, இந்தோனேசியாவில் பிறந்த டாக்டர் நிப் சோஹேந்திரா, வாய் வழியா எண்டோஸ்கோப்பை விட்டு, அடைபட்ட பித்தக் குழாய்க்குள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயை வெச்சார். அதுதான் ஸ்டென்ட்.

சிக்கல் என்னன்னா, பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாசத்துலயே அடைச்சுக்கும். அதனால ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தி, ஒரு வருஷம் கழிச்சு எடுத்தாங்க. அவங்க 2001-ல வெளியிட்ட கணக்குப்படி, எடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள 20 சதவீதம் பேருக்குத் திரும்பச் சுருங்கிடுச்சு. ரோம்ல கைடோ கோஸ்டமாக்னா குழு வேற வழி பிடிச்சாங்க: ஒவ்வொரு தடவையும் ஸ்டென்ட் எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போனாங்க. 35 பேரை சராசரியா 13.7 வருஷம் பின்தொடர்ந்தப்போ, 4 பேருக்குத்தான் மறுபடி சுருக்கம் வந்தது.

அடுத்து வந்தது, உறை போட்ட உலோக ஸ்டென்ட். தானா விரியும், பல பிளாஸ்டிக் ஸ்டென்ட் செய்யுற வேலையை ஒண்ணே செய்யும். இந்தக் கதையில ஹைதராபாத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அங்குள்ள ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜியின் மோகன் ராம்சந்தானி முதன்மை ஆசிரியரா இருந்த 2021 ஆய்வு, கணைய அழற்சி நோயாளிகள்கிட்ட ரெண்டு முறையையும் ஒப்பிட்டுச்சு. ரெண்டு வருஷ முடிவுல பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: உலோகத்துல 75.8 சதவீதம், பிளாஸ்டிக்ல 77.1. ஆனா எண்டோஸ்கோபி எண்ணிக்கை சராசரி 3.9-லிருந்து 2.6-ஆ குறைஞ்சுது.

இந்த வித்தியாசம் சின்னதா தெரியுதா? திருச்சி – சிதம்பரம் சாலையில இருக்கிற உடையார்பாளையத்துல ஒரு நோயாளி இருக்கார்னு வெச்சுக்குவோம். இந்த சிகிச்சைக்கு அவர் பெரிய நகரத்துக்குத்தான் போகணும். ஒவ்வொரு தடவையும் கூலி போகும், துணைக்கு ஒரு ஆள் வேணும். காமாலை போயிட்டா, 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மறுபடி?'ன்னு தோணும். ஆனா உள்ளயே மறந்துபோன ஸ்டென்ட் அடைச்சு, கிருமி ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து.

எடுத்தாலும் கதை முடியாது. ஹைதராபாத்தின் சந்தீப் லக்டாகியா முதன்மை ஆசிரியரா 2020-ல வந்த ஐந்து வருஷ ஆய்வுல, உலோக ஸ்டென்ட்டை எடுத்த கணைய அழற்சி நோயாளிகள்ல சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி ஸ்டென்ட் தேவைப்படல.

அதனால ஊர்ல அப்பா, அம்மா, சித்தப்பா யாருக்காவது ஸ்டென்ட் வெச்சா, டிஸ்சார்ஜ் அன்னைக்கே ரெண்டு கேள்வி கேளுங்க: எப்போ எடுக்கணும்? எடுத்த பிறகு எப்போல்லாம் செக்கப் வரணும்? அந்தத் தேதிகளை உங்க போன்ல போட்டு வைங்க. அவங்க மறந்தாலும் நீங்க போன் பண்ணி ஞாபகப்படுத்தலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.