ஆறு பென்னியும் எழுபத்தேழாவது நிமிடமும்

சீசன் டிக்கெட் என்றால் நமக்கெல்லாம் ரயில்தான். தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் மாதாமாதம் புதுப்பித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு சட்டைப் பையில் வைத்திருப்போமே, அது. மும்பைக்கு வந்த பிறகு அதுவே 'பாஸ்' ஆகிவிட்டது. கால்பந்துக்கும் சீசன் டிக்கெட் உண்டு, அதன் விலையை ஏற்றினால் ஊரே திரண்டு சண்டைக்கு வரும் என்பதெல்லாம் இங்கே ஆபீஸ் பையன்களோடு சேர்ந்து இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்க்க ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்டதுதான்.

விஷயம் சுலபம். ஒரு கிளப் தன் சொந்த மைதானத்தில் ஒரு சீசனில் 19 லீக் ஆட்டங்கள் ஆடும். மொத்தத்துக்கும் ஒரே டிக்கெட். எல்லா ஆட்டத்துக்கும் அதே நாற்காலி, பக்கத்தில் அதே முகங்கள். அடுத்த வருடம் புதுப்பிக்காவிட்டால் நாற்காலி போச்சு. பின்னால் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரே குடும்பம் முப்பது நாற்பது வருடமாக ஒரே இடத்தை வைத்திருப்பதெல்லாம் அங்கே சாதாரணம். அதனால் விலை ஏறும்போது 'இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று சொல்ல முடியாது. ஒருமுறை விட்டால் விட்டதுதான்.

எல்லா கிளப்புக்கும் இந்தக் கதை உண்டு. நான் லிவர்பூலை எடுத்துக்கொள்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும்.

லிவர்பூலின் மைதானம் ஆன்ஃபீல்டு. அதில் ஒரு கோலுக்குப் பின்னால் இருக்கும் கேலரிக்கு 'காப்' என்று பெயர். முழுப்பெயர் ஸ்பயன் காப். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பக்கம் இருக்கும் ஒரு குன்று அது. 1900 ஜனவரியில் போயர் யுத்தத்தில் அந்தக் குன்றைப் பிடிக்கப் போய் ஆங்கிலேயப் படை அடிவாங்கியது. செத்தவர்களில் லங்காஷயர் பக்கத்துப் பையன்கள் நிறைய. 1906-ல் ஆன்ஃபீல்டில் மேடாக ஒரு பெரிய நிற்கும் கேலரி கட்டியபோது, உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் அந்தக் குன்றின் பெயரையே வைத்தார். (இங்கே ஒரு கிளைக்கதை: அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து இறக்கியவர்களில் காந்தியும் அவர் திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. சுமார் 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கூலிகளில் பாதிக்கு மேல் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அந்தத் தூக்குத்தூக்கிகளில் நம் ஆட்கள் இல்லாமல் இருந்திருப்பார்களா என்ன?)

அந்தக் காலத்தில் உள்ளே போக என்ன விலை? ஆறு பென்னி, அதாவது அரை ஷில்லிங். கால்பந்து லீக் 1890-ல் வைத்த குறைந்தபட்சக் கட்டணம் அது. கிளப்புகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடக் கூடாதே என்று போட்ட விதி. கவனியுங்கள், விலை ஏறிவிடுமோ என்று யாரும் கவலைப்படவில்லை. ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங், ஆக ஒரு பவுண்டில் நாற்பது ஆட்டம் பார்த்துவிடலாம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு அது ஒரு ஷில்லிங் ஆனது.

சனிக்கிழமை மதியம் துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு வந்தவர்களுக்கான விலை அது. காப் கேலரியில் சிறுவர்களுக்கென்றே தனியாகக் கம்பி அடைத்த ஓர் இடம் இருந்தது. பையன்கள் சில்லறையோடு தனியாகவே வந்து பழகி, பிறகு பெரியவர்கள் பக்கம் போய்ச் சேருவார்கள். நெரிசல் என்றால் அப்படி ஒரு நெரிசல், காப்பில் மட்டுமே 28,000 பேர் நின்றிருக்கிறார்கள்.

இன்னொரு பழைய ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கதவில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு, ஆட வந்த எதிரணிக்கும் போகும். பெரிய ஊர் கிளப் சம்பாதிப்பதில் சின்ன ஊர் கிளப்புக்கும் கொஞ்சம் கிடைக்கும். 1983-ல் பெரிய கிளப்புகள் முரண்டு பிடித்து இதை நிறுத்திவிட்டன. 'என் மைதானத்து வசூல் எனக்கே' என்றாகிவிட்டது. அதே வருடம் டாட்டன்ஹாம் கிளப் பங்குச்சந்தைக்குப் போனது. டிக்கெட் விலை ஏறியதற்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு. ஆனால் மரம் வளர்ந்தது வேறு ஒரு துக்கத்தின் மேல்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும். லிவர்பூல் ரசிகர்கள் நுழைய வேண்டிய பக்கத்தில் வாசல்கள் குறைவு, வெளியே நெரிசல் முற்றியது. போலீஸ் அதிகாரி வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிடச் சொன்னார். உள்ளே ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் போய் முட்டினார்கள். முன்னால் இரும்பு வேலி. மூச்சுத் திணறி அன்று மட்டும் 94 பேர், பிறகு காயங்களால் இருவர், கடைசியாக 2021-ல் ஒருவர், மொத்தம் 97 பேர். அதில் மிகச் சின்னவனுக்கு வயது 10. பின்னாளில் லிவர்பூல் கேப்டன் ஆன ஸ்டீவன் ஜெரார்டின் உறவுப் பையன்.

குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் கதவை உடைத்தார்கள் என்று போலீஸ் கதை கட்டியது. அது பொய். பொய் என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல 2012-ல் ஒரு சுயேச்சைக் குழு வரவேண்டியிருந்தது. 2016 ஏப்ரலில் விசாரணை ஜூரி இது சட்டவிரோதக் கொலை என்றும், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றும் சொன்னது. 27 வருடம்!

நிற்க. டிக்கெட் விலைக்கு வருவோம்.

விபத்துக்குப் பிறகு நீதிபதி டெய்லர் அறிக்கை கொடுத்தார். இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. பெரிய மைதானங்களில் நிற்கும் கேலரிகளை எடுத்துவிட்டு முழுக்க நாற்காலி போட வேண்டும் என்றார். எல்லோருக்கும் நினைவிருப்பது இது மட்டும்தான். நாற்காலி வந்தால் ஏழைகள் உள்ளே வர முடியாமல் போகுமே என்ற கேள்வியையும் அவர் அதே அறிக்கையில் எடுத்துப் பேசியிருக்கிறார். நின்று பார்த்தவர்கள் கொடுத்த காசுக்கு ஏற்றபடி குறைந்த விலை நாற்காலிகளை வைக்க முடியும் என்றார். உதாரணமும் காட்டினார்: கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நாற்காலிக்கு 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு. வித்தியாசம் இரண்டே பவுண்டு.

கிளப்புகள் நாற்காலியை எடுத்துக்கொண்டன, விலை பற்றிய பத்தியைக் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் மைதானங்களைத் திருத்தக் கால்பந்துப் பந்தய வரியில் ஒரு பகுதியை அரசே விட்டுக்கொடுத்தது. பொதுப்பணமும் சேர்ந்துதான் அந்த நாற்காலிகள் வந்தன. 1992-ல் பிரீமியர் லீக் பிறந்தது, டிவி ஒப்பந்தம் 304 மில்லியன் பவுண்டு என்று அறிவித்தார்கள். லண்டனில் வெஸ்ட் ஹாம் கிளப், சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாக ஒரு பத்திரம் வாங்கச் சொல்லி, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிப் போராடிய கூத்தும் அந்தச் சமயம்தான்.

காப் கேலரியில் கடைசியாக நின்று பார்த்தது 1994 ஏப்ரல் 30, நார்விச் அணிக்கு எதிராக. 0-1 தோல்வி :-( நாற்காலி போட்ட பிறகு அங்கே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம்.

இனி கணக்கு. 1989-90-ல் லிவர்பூலின் மிக மலிவான சீசன் டிக்கெட் 60 பவுண்டு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுண்டும் கொஞ்சமும். 2010-11-ல் மலிவானதே 725 பவுண்டு! விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் ஏறியிருந்தால் 110-ஐச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். மீதிக்கு யார் சம்பளம் அந்த வேகத்தில் ஏறியது? (ஆட்டக்காரர்களைத் தவிர.)

'வேண்டுமென்றால் வாங்கு, இல்லாவிட்டால் போ, இதுதானே வியாபாரம்' என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. அண்ணாச்சி கடையில் பருப்பு விலை ஏறினால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். லிவர்பூல் டிக்கெட் விலை ஏறியது என்பதற்காக எவர்ட்டன் ரசிகராக மாற முடியுமா? வேறு கடையே இல்லாத வாடிக்கையாளர் என்று கிளப்புக்கும் நன்றாகத் தெரியும். ஜெர்மனியில் பயர்ன் மியூனிக் 2010-களில் நிற்கும் இடத்துக்கு சீசன் முழுவதற்குமே 140 யூரோதான் வாங்கியது. ரசிகர்கள் ஒன்றும் கறக்கும் மாடுகள் இல்லை என்ற பொருளில் அதன் தலைவர் ஹோனஸ் சொன்னது இங்கிலாந்தில் ரொம்பப் பேருக்குச் சுருக்கென்று தைத்தது.

2007-ல் இரண்டு அமெரிக்கர்கள் லிவர்பூலை வாங்கிக் கடனில் மூழ்கடித்தார்கள். அதை எதிர்த்து 2008-ல் 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி' என்ற ரசிகர் சங்கம் உருவானது. 2010-ல் வேறு அமெரிக்கர்கள், ஃபென்வே நிறுவனம், 300 மில்லியனுக்கு வாங்கினார்கள். மெயின் ஸ்டாண்டைப் பெரிதாக்க ஆரம்பித்தார்கள். 2016 பிப்ரவரி தொடக்கத்தில் அடுத்த சீசன் விலை வந்தது. ஒரே ஓர் ஆட்டத்துக்கு, சிறந்த இடத்தில், 77 பவுண்டு. அதுவரை உச்சம் 59. விலை உயர்ந்த சீசன் டிக்கெட் 869-லிருந்து 1,029. அதே கோடையில் அமலுக்கு வரவிருந்த பிரிட்டன் டிவி ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு 500 கோடி பவுண்டுக்கு மேல். 'அவ்வளவு பணம் கொட்டும்போது எங்கள் சட்டைப் பையில் எதற்குக் கை வைக்கிறீர்கள்?' என்பதுதான் ரசிகர்களின் கேள்வி.

பிப்ரவரி 6, சண்டர்லாண்டுடன் ஆட்டம். 77 பவுண்டு என்றால் 77-ஆவது நிமிடம் எழுந்து போவது என்று சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. பயிற்சியாளர் க்ளாப் குடல்வால் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில். 77-ஆவது நிமிடம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து பாடிக்கொண்டே வெளியே நடந்தார்கள். முன்னாள் ஆட்டக்காரர் ஜேமி காராகரும் அவர்களோடு எழுந்து போனார். ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தை விட்டு எழுந்து போக எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அவர்கள் போனபின் சண்டர்லாண்டு இரண்டு கோல் போட்டு 2-2. காலி நாற்காலிகளை உலகமே டிவியில் பார்த்தது. உரிமையாளர்களுக்கு வலித்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். நம்மைப் போல தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்கு அவர்கள் விற்பது ஆட்டத்தை மட்டுமல்ல, அந்தக் கேலரியின் பாட்டையும்தான்.

நான்கே நாளில், பிப்ரவரி 10-ஆம் தேதி, மன்னிப்புக் கேட்டார்கள். 77 ரத்து. உச்ச விலை 59-லேயே இரண்டு வருடம் நிற்கும் என்றார்கள். அடுத்த மாதமே 20 பிரீமியர் லீக் கிளப்புகளும் கூடி, வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. முதலில் மூன்று சீசனுக்கு என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். ரசிகர் கூட்டமைப்பு 2013-லிருந்து 20 பவுண்டு கேட்டுப் போராடிக் கிடைத்த 30 அது. அந்த ஏப்ரலில்தான் ஹில்ஸ்பரோ தீர்ப்பும் வந்தது.

2023-24-ல் லிவர்பூல் மறுபடி 2 சதவீதம் ஏற்றியது, 2024-25-க்கு இன்னொரு 2. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பவுண்டு சொச்சம், இதற்குப் போயா என்று தோன்றும். கொடி, பேனர் வேலையைப் பார்க்கும் 'ஸ்பயன் காப் 1906' குழு அப்படி நினைக்கவில்லை. 2024 ஏப்ரல் 11, அட்டலாண்டாவுடன் ஐரோப்பா லீக் காலிறுதி. நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30. டிவியைப் போட்டால் காப் கேலரியில் ஒரு கொடிகூட இல்லை. லிவர்பூல் 0-3 என்று தோற்றது.