புகைக்குப் பிறந்த விளக்கு

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பிக்கப் குறையவில்லை, மைலேஜும் குறையவில்லை. ஆனாலும் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அழித்துக் கொடுக்கிறார். சில நாளில் திரும்பவும் எரிகிறது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்றால் இந்தப் பிடிவாதம் எதற்கு? அதைப் பிறக்க வைத்தவர்களின் கவலை வேறு: லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வானம்.

1943 ஜூலையில் கண்ணை எரிக்கும் ஒரு புகை அந்த நகரத்தை மூடியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலையின் மேல் பழி விழுந்தது. ஆலையை நிறுத்தியும் புகை போகவில்லை. உண்மையான குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தவர், அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்தவர், கால்டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பழ வாசனையைக் குளிரவைத்துப் பிடிக்கும் அதே முறையில், லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த பாஸடீனாவின் காற்றைப் பிடித்துப் பார்த்தார். நாற்றமடிக்கும் பழுப்புத் துளிகள் சேர்ந்தன. கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சேர்ந்து வெயிலில் ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் சொன்னார். எண்ணெய்த் தொழில் பணம் கொடுத்து அமர்த்திய ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் வந்த கோபம்தான் அவரைப் பழத்திலிருந்து முழுவதுமாகப் புகைக்கு இழுத்தது என்பார்கள். 1967இல் உருவான கலிஃபோர்னியா காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

சட்டம் இறுகியது. 1975 மாடல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் கேடலிடிக் கன்வெர்ட்டர் ஏறியது. 1976இல் வோல்வோ கார்களில் ஆக்ஸிஜன் சென்சார் வந்தது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து, 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கில் கலவையை நிறுத்த உதவும் சென்சார் அது. இங்கேதான் ஒரு சிக்கல். சென்சார் செத்தாலும் வண்டி ஓடும். புகை மட்டும் பல மடங்கு கூடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் செலவு செய்ய மனசு வராது. ஆகவே வண்டிக்குள்ளேயே ஒரு கோள்சொல்லி தேவைப்பட்டது.

1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்க பெட்ரோல் கார்களில் கம்ப்யூட்டரையும், அதோடு 'செக் எஞ்சின்' விளக்கையும் வைத்தது. டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த பிளக்கில் இரண்டு பின்களைப் பேப்பர் கிளிப்பால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு பேசும். ஒரு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னினால் 12. எஞ்சின் சுற்றவில்லை, நான் விழித்திருக்கிறேன் என்று பொருள். அதன் பிறகே உண்மையான குறைகள் வரிசையாக வரும். கிரைஸ்லர் காரிலோ சாவியையே சடசடவென்று ஆன், ஆஃப் செய்ய வேண்டும். கம்பெனிக்கு ஒரு பிளக், கம்பெனிக்கு ஒரு எண். வெளி மெக்கானிக்குகள் பாடு திண்டாட்டம்தான்.

கலிஃபோர்னியா வாரியம் 1985இல் போட்ட விதி 1988 மாடல்களிலிருந்து இந்த விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஒயர் அறுந்ததா, சென்சார் செத்ததா என்பதுதான் தெரியும்; கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று தெரியாது. 1989இல் எழுதிய இரண்டாவது விதிதான் இன்றைய விளக்கின் பிறப்புச் சான்றிதழ். 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 பின் பிளக், கோளாறைச் சொல்லும் பொதுவான எண்கள், அதாவது கோடுகள். பெரும்பாலான கோளாறுகளுக்கு, புகை சட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கு ஆவதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும். அங்கே பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூட எரியும். ஆவியாகும் பெட்ரோலும் புகைக் கணக்கில்தான் சேர்த்தி.

இந்த விதியின் மூளையைப் பார்க்க பி0420 என்ற கோடு போதும். கன்வெர்ட்டருக்கு முன்னே ஒரு சென்சார், பின்னே ஒன்று. பழைய வகை முன் சென்சாரின் வோல்ட்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து மெல்லக் கொடுப்பதால் பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், உள்ளே பிடித்துவைக்க ஆளில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கோடு இவ்வளவுதான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும் கணக்குத் தவறும். ஸ்பார்க் பிளக்கோ காயிலோ கெட்டு வண்டி மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர்) ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பொசுக்கும். எஞ்சின் ஆயில் குடித்தாலும் கன்வெர்ட்டர் கெடும். மூல காரணத்தை விட்டுவிட்டு விலையுயர்ந்த கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே கதிக்குப் போய் விளக்கு திரும்ப எரியும். ஸ்கேனரில் எண்ணைப் பார்த்ததும் பாகத்தைக் கழற்றுவது என் கணக்கில் பழுது பார்ப்பதே இல்லை.

அழித்த விளக்கு உடனே எரியாமல் நாள் கழித்து வருவதற்கும் காரணம் உண்டு. பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் அது எரியும். குறை நீங்கிய பிறகும் மூன்று ஓட்டங்கள் சுத்தமாக இருந்தால்தான் தானாக அணையும். விளக்கு மின்னினால் மட்டும் பொறுக்கக் கூடாது. அந்த நிமிடமே மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரைத் தின்கிறது. புகைச் சோதனைக்குப் போகும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றி அழித்துவிடும் தந்திரத்தையும் வாரியம் எதிர்பார்த்திருந்தது: அழித்ததும், கம்ப்யூட்டர் தன் சோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்பதும் பதிவாகிவிடும். 2010 மாடல்கள் முதல் படிப்படியாக வந்த நிரந்தரக் கோடுகளை எந்த ஸ்கேனராலும் அழிக்க முடியாது. குறை தீர்ந்ததென்று கம்ப்யூட்டரே கண்டுகொண்டு அழித்தால்தான் உண்டு.

இந்தியக் கார்களுக்கு இத்தகைய விதி பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் இரண்டு கட்டமாக வந்தது. இரண்டாவது கட்டம் 2013இல். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது பைக், ஸ்கூட்டர் மீட்டர்களிலும் அதே மஞ்சள் எஞ்சின் படம் இடம்பிடித்தது.