'இன்': ஒரு குட்டிச் சொல்லும் ஜவ்வாது மலையும்

ஆங்கிலத்தில் 'இன்' என்று ஒரு குட்டிச் சொல் உண்டு. பெயருக்கு முன்னால் நின்று இடத்தையும் காலத்தையும் காட்டும். தமிழில் அந்த வேலையை 'இல்' என்ற ஏழாம் வேற்றுமை உருபு செய்கிறது. ஆனால் அது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இலக்கண வகுப்பில் பாடம் இதோடு முடிந்துவிடும். சட்டப் புத்தகத்தில் அப்படி இல்லை. அங்கே இதே சொல் ஒருவர் பழங்குடியா, இல்லையா என்பதையே முடிவு செய்திருக்கிறது!

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக இவர்களிடையே ஒரு கதையும் உண்டு.

அரசியல் சட்டத்தின் 342ஆவது பிரிவின் கீழ் 1950இல் பழங்குடியினர் பட்டியல் வெளியானது. 1976இல் அது திருத்தப்பட்டது. அதில் தமிழ்நாட்டு மலையாளிகளின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் 'இன்' என்று தொடங்கி ஆறு மாவட்டங்கள் வருகின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஜவ்வாது மலைக்காரர்கள் வட ஆற்காட்டின் பெயரால் பட்டியலுக்குள் வந்தார்கள். கோயம்புத்தூர் அதில் இல்லை. அன்று அந்த மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையிலும் மலையாளிகள் உண்டு. அவர்கள் வெளியே நின்றார்கள்.

பிறகு மாவட்டங்கள் உடைந்தன. 1979இல் பர்கூர் மலை புதிய பெரியார் மாவட்டத்துக்குப் போனது. அதுதான் இன்றைய ஈரோடு. 1989இல் வட ஆற்காடும் இரண்டானது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. அப்படியானால் 'வட ஆற்காட்டில்' என்பதற்கு இன்று என்ன பொருள்? அந்த ஆணையே பதில் சொல்கிறது: 1976 மே 1 அன்று இருந்த எல்லைதான் கணக்கு. அதனால் வரைபடம் எத்தனை முறை மாறினாலும் ஜவ்வாது மலைக்குப் பாதிப்பில்லை. அதே காரணத்தால் பர்கூருக்கு விடிவும் இல்லை.

நீதிமன்றம் போகலாமே என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மிலிந்த் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பட்டியலை உள்ளது உள்ளபடியே படிக்க வேண்டும், அதில் கூட்டவோ குறைக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

சாதிச் சான்றிதழ், கல்லூரி இடம், அரசு வேலை எல்லாம் இந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. ஒரே பெயர் கொண்ட மக்கள்தான். ஒரு மலையில் பிறந்தவருக்குக் கிடைப்பது இன்னொரு மலையில் பிறந்தவருக்குக் கிடைக்கவில்லை. இலக்கணம் வெறும் மதிப்பெண்ணுக்கான பாடம் என்று இனிமேல் யாராவது சொன்னால், பர்கூர் மலையைக் காட்டுங்கள்.