மூணு பிள்ளை, ஒரு மேசை: வீட்டுப் பாடத்திட்டத்தின் கதை

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்தாக்கப்பட்டு, சுருக்கித் திருத்தப்பட்டது)

போன மாசம் அமெரிக்காவிலிருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. வீட்டுல மூணு பிள்ளைங்க. எட்டு வயசு, ஆறு வயசு, மூணு வயசு. பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறாங்க. "பெரியவனுக்கு ஒரு கரிகுலம், அடுத்தவளுக்கு ஒண்ணு. ரெண்டையும் நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள கடைக்குட்டி சுவத்துல கிறுக்கி முடிச்சிடுறான். எந்த கரிகுலம் நல்லது தம்பி?" இதுதான் கேள்வி.

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. இன்ஜினியரிங் படிச்சுட்டு சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறேன். எந்தப் புத்தகத்தை வாங்கணும்னு சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் லோடு தாங்காம தடுமாறினா, அது நல்லதா கெட்டதான்னு முதல்ல கேட்க மாட்டோம். எத்தனை பேருக்காக இதைக் கட்டினாங்கன்னு கேட்போம். பாடத்திட்டங்களையும் அப்படிக் கேட்டுப் பாத்தா, இருநூறு வருஷக் கதை ஒண்ணு கிடைக்குது. அது தொடங்குற இடம் நம்ம எழும்பூர்.

எழும்பூரில் ஒரு எட்டு வயசு வாத்தியார்

1789. சென்னை எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஓர் ஆண்கள் அநாதை விடுதி தொடங்குது. அதை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். அவருக்குப் பெரிய தலைவலி வாத்தியார்கள்தான். ஆள் கொஞ்சம், பையன்கள் நிறைய, சொல்ற மாதிரி பாடம் நடத்தவும் மாட்டேங்கிறாங்க.

ஒருநாள் குதிரையில போகும்போது ஓர் உள்ளூர்ப் பள்ளியைப் பாக்குறார். பிள்ளைங்க தரையில உக்காந்து மணல்ல விரலால எழுதிட்டு இருக்காங்க. அதாங்க, நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம். விடுதிக்குத் திரும்பி இதையே செய்யச் சொன்னா, வாத்தியார்கள் ஒத்துக்கல. அப்போ பெல் ஒரு காரியம் செய்றார். ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பையன், ஒரு சாதாரணச் சிப்பாயோட மகன். அரிச்சுவடி வகுப்பை அவன்கிட்ட ஒப்படைக்கிறார். மணல்ல எழுத்துச் சொல்லிக் கொடுக்கறதை அந்தப் பொடியன் ஒழுங்கா நடத்திக் காட்டுறான்.

பெல் 1796-ல் ஊருக்குத் திரும்பி, அடுத்த வருஷம் லண்டனில் இந்த அனுபவத்தை அறிக்கையா வெளியிடுறார். 'மெட்ராஸ் முறை'ன்னு அதுக்குப் பேரு. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர்னு இன்னொருத்தர் லண்டனில் இதே மாதிரி ஒரு முறையைத் தொடங்க, யார் முதல்லன்னு ரெண்டு தரப்புக்கும் பெரிய சண்டை. எப்படியோ, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிகள் பிரிட்டனில் ஆயிரக்கணக்கில் பரவுச்சு. பெல்லோட பணத்தில் உருவான ஸ்காட்லாந்துப் பள்ளி ஒண்ணு இன்னைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'ங்கிற பேர்லதான் ஓடுது.

நமக்கு இது புதுசே இல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் இருப்பானே, அவன் வேலையே இதுதான். ஒரே திண்ணையில ஒருத்தன் மணல்ல 'அ' எழுதுவான், ஒருத்தன் ஆத்திசூடி ஒப்பிப்பான், ஒருத்தன் எண்சுவடி முறை வைப்பான். வகுப்புன்னு தனித்தனியா எதுவும் கிடையாது. அதாவது, பல வயசுப் பிள்ளைங்க, ஒரே ஒரு பெரியவர். அந்த அக்காவோட மேசையில நடக்கிறதும் இதேதான்.

மன்றோவின் சந்தேகம்

வீட்டில் படிக்கிறதைப் பத்தியும் சென்னையில ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கு. 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிகள், எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு கலெக்டர்கள்கிட்ட விவரம் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சென்னை நகரக் கலெக்டர் மட்டும் இன்னொரு எண்ணையும் அனுப்பியிருந்தார். வீட்டிலேயே படிக்கிற பிள்ளைங்க 26,900-க்கும் மேல. நகரத்துப் பள்ளிகளில் படிச்சவங்களைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு!

மன்றோவே அதில் ஏதோ பிழை இருக்கலாம்னு எழுதி வெச்சார். ஆனா சொந்தக்காரங்களோ தனி ஆசிரியரோ வீட்டில் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் பெரிய அளவில் இருந்ததுங்கிறதை அவர் மறுக்கல. 'அந்தக் காலத்துல எல்லாரும் படிச்சாங்க'ன்னு இதை வெச்சு பெருமை பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிக்கணும். அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் சுமார் 4,500 பேர்தான்.

ஆம்பிள்சைடிலிருந்து ஒரு தபால்

இப்ப இங்கிலாந்துக்குப் போவோம். இன்னைக்கு ஹோம்ஸ்கூல் குழுக்களில் அடிக்கடி கேட்கிற பேரு, சார்லட் மேசன். 1842-ல் பிறந்தவர், ஆசிரியை. கல்யாணம் பண்ணிக்கல, சொந்தப் பிள்ளைகள் இல்ல. 1886-ல் 'ஹோம் எஜுகேஷன்' புத்தகம். அடுத்த வருஷம் பெற்றோருக்கான ஒரு சங்கம். 1891-லிருந்து தபால் வழிப் பள்ளி. ஒவ்வொரு பருவத்துக்கும் என்ன படிக்கணும், எந்தப் புத்தகம், எத்தனை பக்கம்னு ஒரு திட்டம் வீட்டுக்கு வரும். கடைசியில கேள்வித்தாளும் வரும். காலனிகளில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் வரைக்கும் இது போச்சு.

இதோட கட்டமைப்பைப் பாருங்க. வயசுக்கு ஒரு வகுப்புன்னு இல்லாம, பக்கத்துப் பக்கத்து வயசுப் பிள்ளைகளை ஒரே பிரிவில் சேர்த்தாங்க. சின்னவங்களுக்குப் பாடம் ஒவ்வொண்ணும் 20 நிமிஷத்துக்குள்ள. காலையில மட்டும் பாடம். ஆறு வயசு வரைக்கும் முறையான பாடமே வேண்டாம், வெளியில விளையாடட்டும். முக்கியமான கருவி, திருப்பிச் சொல்லுதல். ஒரு தடவை வாசிச்சுக் காட்டணும், உடனே பிள்ளை தன் வார்த்தையில் அதைச் சொல்லணும். இதுக்குத் தனிப் பயிற்சித்தாள் வேண்டாம், திருத்துற வேலையும் வேண்டாம். ஒரே கதையை எட்டு வயசுப் பிள்ளை விரிவாச் சொல்லும், ஆறு வயசுப் பிள்ளை ரெண்டு வரியில சொல்லும்.

ஆனா இங்கேதான் அந்த 'எத்தனை பேருக்காகக் கட்டினது' கேள்வி வருது. மேசன் 1892-ல் ஆம்பிள்சைடில் தொடங்கின பயிற்சிக் கல்லூரியில் படிச்சுட்டு நிறைய இளம் பெண்கள் வீட்டு ஆசிரியைகளாப் போனாங்க. ஆரம்பத்தில் இந்தத் திட்டத்தை வாங்கின வீடுகள் பெரும்பாலும் வசதியான வீடுகள். பாடம் நடத்த ஒரு ஆள், கைக்குழந்தையைப் பாத்துக்க ஒரு ஆயா, சமைக்க ஒரு ஆள். மூணு வயசுப் பையன் வெளியில விளையாடணும்னு புத்தகம் சொல்லுது, சரி. கூடப் போறது யாரு? புத்தகம் எழுதின காலத்தில் அதுக்குச் சம்பளம் வாங்குற ஒருத்தங்க இருந்தாங்க. இன்னைக்கு அந்த மூணு ஆளோட வேலையும் ஒரே அம்மா தலையில.

பெட்டியில் வந்த பள்ளிக்கூடம்

அடுத்தது அமெரிக்கா, பால்டிமோர் நகரம், கால்வர்ட் பள்ளி. தலைமை ஆசிரியர் விர்ஜில் ஹில்லியர். கக்குவான் இருமல் பரவி பிள்ளைங்க பள்ளிக்கு வர முடியாமப் போனப்போ, வீட்டிலிருந்தே படிக்கப் பாடங்களைத் தயார் பண்ணிக் கொடுத்தார்னு சொல்வாங்க. 1906-ல் அதையே தபாலில் விற்கத் தொடங்கினார். புத்தகம், தாள், அதோட இன்னைக்கு என்ன நடத்தணும்னு நாள்வாரியா எழுதின பெற்றோர் கையேடு, எல்லாம் பெட்டியா வரும். மிஷனரிகள், தூதரக அதிகாரிகள், ஊரை விட்டுத் தள்ளி வாழ்ந்த குடும்பங்கள்னு பல பேர் வாங்கினாங்க.

ஆசிரியப் பயிற்சி இல்லாத அம்மாவுக்கு இது பெரிய உதவி. யோசிக்கவே வேண்டாம், பக்கத்தைத் திருப்பினா போதும். ஆனா இதோட அலகு என்ன? ஒரு பிள்ளை, ஒரு வகுப்பு, ஒரு பெட்டி. மூணு பிள்ளைன்னா மூணு பெட்டி, மூணு கையேடு. ஒவ்வொரு கையேடும் அம்மாவோட காலை நேரம் முழுசும் தனக்கே சொந்தம்னு நினைச்சு எழுதப்பட்டது. நம்ம அக்கா மாட்டிக்கிட்டு இருக்கிற இடம் இதுதான். புத்தகம் மோசமா இருக்கணும்னு இல்ல, பெருக்கல் கணக்கு ஒத்து வரல, அவ்வளவுதான்.

எல்லாத்தையும் விடு, இல்லன்னா ஒண்ணா சேரு

1970-களில் அமெரிக்காவில் இன்னொரு அலை. ரேமண்ட், டோரதி மூர் தம்பதி 1975-ல் எழுதின புத்தகத்தில், சின்ன வயசுல முறையான பாடத்தைத் திணிக்காதீங்க, தள்ளிப் போடுங்கன்னாங்க. ஜான் ஹோல்ட் 1977-ல் ஒரு இதழ் தொடங்கி இன்னும் ஒரு படி மேல போனார்: பாடத்திட்டமே வேண்டாம், பிள்ளை தானா கத்துக்கும். சட்டச் சண்டைகளும் கூடவே நடந்து, 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லுபடி ஆயிடுச்சு.

1999-ல் ஜெஸ்ஸி வைஸும் அவங்க மகள் சூசன் வைஸ் பாவரும் சேர்ந்து 'தி வெல்-ட்ரெயின்ட் மைண்ட்' எழுதினாங்க. ஜெஸ்ஸி, 1970-களிலேயே தன் மூணு பிள்ளைகளை வீட்டில் படிக்க வெச்சவங்க. மூணு பிள்ளைங்கிறதைக் குறிச்சு வெச்சுக்கங்க. அந்தத் திட்டத்தில் வரலாறு நாலு வருஷச் சுழற்சி: பழங்காலம், இடைக்காலம், நவீனத்தின் தொடக்கம், நவீன காலம். முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து, இன்னும் ஆழமா. இதனால வீட்டில் எல்லாரும் ஒரே வருஷம் எகிப்தைப் படிக்கலாம். சின்னவன் பிரமிடு வரைவான், பெரியவன் பக்கம் பக்கமா எழுதுவான். அம்மா தயாராக வேண்டியது ஒரே தலைப்புக்கு.

கோவிட் வந்தப்போ இந்தக் கேள்வி லட்சக்கணக்கான வீடுகளுக்குள்ள போச்சு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ஆய்வுப்படி, பள்ளி வயசுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஹோம்ஸ்கூல் செய்தது 2020 வசந்தத்தில் 5.4 சதவீதம், அந்த இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம். கறுப்பினக் குடும்பங்களில் 3.3-லிருந்து 16.1.

அப்போ என்ன வாங்கலாம்?

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கிற பதில் எளிமையானது. கடையில விமர்சனம் படிக்கறதுக்கு முன்னாடி, இந்தத் திட்டம் எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவங்களை எதிர்பாக்குதுன்னு கேளுங்க. எழுத்துக்கூட்டி வாசிக்கறதும் கணக்கும் தனித்தனியாத்தான் நடக்கணும். அங்கே ஒவ்வொரு படியும் முந்தின படி மேல நிக்குது, எட்டு வயசும் ஆறு வயசும் ஒரே பக்கத்தில் நிக்க முடியாது. கால்வர்ட் மாதிரி நாள்வாரிக் கையேடு அங்கே உதவும், அரை மணி நேரத்துக்கு. வரலாறு, அறிவியல், கதை, பாட்டு, இதெல்லாம் ஒரே பாயில உக்காந்து கேக்கலாம். திண்ணையும் அதைச் செஞ்சது, மேசனும் அதைத்தான் செஞ்சாங்க. மூணு வயசுக்குக் கரிகுலம் வாங்கற காசை மிச்சம் பிடிக்கலாம். அந்த நேரத்தில் அவனைப் பாத்துக்க அப்பாவோ பாட்டியோ இருக்காங்களாங்கிறதுதான் பெரிய கேள்வி. அதை எந்தப் புத்தகமும் தீர்த்து வைக்காது.

கடைசியா ஒரு எச்சரிக்கை. 'பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்'ங்கிற யோசனை எல்லா வீட்டிலும் வரும். கொஞ்சமா செஞ்சா நல்லதுதான், சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே புரியும். ஆனா பிரிட்டன் என்ன செஞ்சுதுன்னு பாருங்க. பெல் முறையில வெறும் ஒப்பித்தல்தான் மிஞ்சுதுன்னு குறை வளர்ந்து, 1846-ல் அரசு புது ஏற்பாடு கொண்டு வந்தது. மாணவ ஆசிரியர், குறைந்தது 13 வயசு, அஞ்சு வருஷப் பயிற்சி. முதல் வருஷத்துக்கு 10 பவுண்டு சம்பளம், போகப் போக 20 பவுண்டு. அதோட தலைமை ஆசிரியர் அவங்களுக்குத் தனியாப் பாடம் எடுக்கணும். அதாவது சொல்லிக் கொடுக்கறது ஒரு வேலை, அதைச் செய்ற பிள்ளையோட படிப்புக்கும் யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்னு அரசே ஒத்துக்கிச்சு. நம்ம வீடுகளில் இந்தச் சட்டாம்பிள்ளை வேலை பெரும்பாலும் மூத்த பொண்ணு தலையில விழும், சம்பளம் இல்லாம. அவ கணக்குப் புத்தகம் எந்தப் பக்கத்தில் நிக்குதுன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்க.

உங்க வீட்டுப் பாட்டி, பெரியம்மா, அத்தை, யாராவது தம்பி தங்கச்சிகளைப் படிக்க வெச்சுட்டுத் தன் படிப்பை நிறுத்தினவங்க இருந்தா, அவங்ககிட்ட பேசி ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோடை அந்தக் குரல்களை வெச்சே பண்ணலாம்னு இருக்கேன்.